உலகம் அழிஞ்ச மறுநாளும் டூட்டிக்கு போறவங்க: உங்களுக்கு புடிச்ச டிஸ்டோபியன் படம் (எதிர்காலத்துல உலகம் கெட்டு போன மாதிரி காட்ற படம்) எது, ஏன் திரும்ப திரும்ப பாக்குறீங்க?

ஓடி_துறைமுகம்

எல்லாருக்கும் வணக்கம். நைட் ஷிஃப்ட் முடிச்சிட்டு வந்து தூக்கம் வரல, ரொம்ப நாளா எழுதணும்னு நெனச்சத எழுதிடறேன், கொஞ்சம் நீளமா போகும், பொறுத்துக்கங்க.

2011 டிசம்பர் 30 காலைல தானே புயல் அடிச்சப்ப நான் கடலூர் ஓ.டி.லதான் (ஓல்ட் டவுன்) இருந்தேன். எங்க தெருவுக்கு 17 நாள் கரன்ட் இல்ல. ஒருத்தர் ஜெனரேட்டர் வாடகைக்கு எடுத்துட்டு வந்து போனுக்கு 10 ரூபா வாங்கிட்டு சார்ஜ் போட்டு குடுத்துட்டு இருந்தார், அங்க க்யூவுல நின்னுதான் யார் யார் வீட்டுல என்ன ஆச்சுன்னு தெரிஞ்சுக்கிட்டோம். எங்க வீட்டு மேல பாதி ஓடு கிடையாது. மூணாவது நாளே வேலைக்கு வரச்சொல்லி ஆள் வந்துட்டாங்க. நானும் போனேன். ரோடு பூரா புளியமரம் விழுந்து கெடக்கு, சைக்கிள தோள்ல தூக்கி தாண்டி தாண்டி போயி கரெக்டா 6 மணிக்கு கார்டு பன்ச் பண்ணினேன். அன்னிக்கு ஒண்ணும் தோணல. ஏன் போனேன்னு இன்னி வரைக்கும் யோசிச்சிட்டு இருக்கேன்.

அடுத்த மாசம் ஒரு ஃப்ரண்டு பென்டிரைவ்ல சில்ட்ரன் ஆஃப் மென் குடுத்தான். 2006-ல வந்த படம், அல்ஃபோன்சோ குவாரோன் எடுத்தது, கதை நடக்கறது 2027-ல. 18 வருஷமா உலகத்துல ஒரு கொழந்தை கூட பொறக்கல. படம் ஆரம்பமே உலகத்துலயே சின்ன வயசு பையன் செத்துட்டான்னு டிவில நியூஸ், ஜனங்க வாய பொளந்து பாத்துட்டு நிக்கறாங்க, ஹீரோ அதுக்கு நடுவுல பூந்து ஒரு காபி வாங்கிட்டு வெளிய வரான். வந்து ரெண்டு நிமிஷம் ஆகல, அந்த காபி கடை வெடிக்குது. அப்பறம் என்ன பண்றான் தெரியுமா? ஆபீசுக்கு போறான். அங்க எல்லாரும் கம்ப்யூட்டர் முன்னாடி உக்காந்து அழுதுட்டே வேலை பாக்கறாங்க. அந்த எடத்துல நான் படத்த நிறுத்திட்டு வெளிய போயி கொஞ்ச நேரம் நின்னுட்டு வந்தேன்.

இந்த மாதிரி படங்க ஏன் நம்மள விடாம புடிச்சிக்குதுங்கறதுக்கு எனக்கு தெரிஞ்ச பதில் இதுதான். உலகம் அழியறத காட்ற படம் ஒரு தடவ பாத்தா போதும், மறந்துடும். அழிஞ்ச மறுநாள் டூட்டிக்கு போறவன காட்ற படம் கூடவே இருக்கும். உங்க லிஸ்ட சொல்லுங்க, ஏன்னும் சொல்லுங்க.

முத்தியால்பேட்டை_ரீல்பொட்டி

அண்ணே நீங்க சொன்ன விஷயத்துக்கு அப்பனே 1927-ல இருக்கான். மெட்ரோபோலிஸ். ஃப்ரிட்ஸ் லாங் எடுத்த ஜெர்மன் ஊமைப்படம். ஆரம்பத்துலயே ஷிஃப்ட் மாறும், ஒரு வரிசை உள்ள போவும் ஒரு வரிசை வெளிய வரும், ரெண்டு வரிசையும் தலைய தொங்க போட்டுக்கினு ஒரே மாதிரி நடக்கும், உள்ள போறவன் வேகமா போறான் வெளிய வரவன் அதுல பாதி வேகத்துல வரான், அவ்ளோதான் வித்தியாசம். ஒரு வார்த்தை கூட இல்லாம இத விட எப்படி சொல்ல முடியும்? மேல பணக்காரன் தோட்டம் போட்டு விளையாடறான், கீழ பூமிக்கு அடில தொழிலாளி குடும்பத்தோட கெடக்கறான். ஹீரோ ஒரு தொழிலாளிக்கு பதிலா மிஷின்ல நிக்கறான் பாருங்க, கடிகாரம் மாதிரி ஒரு மிஷின், முள்ள புடிச்சி திருப்பிக்கினே இருக்கணும், 10 மணி நேரம்.

எங்க அப்பா தியேட்டர்ல ஆபரேட்டரா இருந்தவரு, அதனால எனக்கு ஒரு படத்தோட கதைய விட அந்த பிரின்ட்டோட கதை முக்கியம். இந்த படம் ரிலீஸ் ஆன கொஞ்ச நாள்லயே வெட்டிட்டாங்க. வெட்டுனது காணாமலே போச்சு, எல்லாரும் அழிஞ்சி போச்சுன்னு விட்டுட்டாங்க. 2008-ல அர்ஜென்டினா, ப்யூனஸ் அயர்ஸ்ல ஒரு சினிமா மியூசியத்துல 16 எம்எம் பிரின்ட் ஒண்ணு கெடச்சுது, அதுல காணாம போன சுமார் 25 நிமிஷம் இருந்துது. 2010-ல சேத்து வெளியிட்டாங்க. அந்த சேத்த பகுதி பூரா கீறல் கீறலா மழை பெய்யற மாதிரி ஓடும், எனக்கு அந்த கீறல பாத்தாலே கண்ணு கலங்கும். 80 வருஷம் யாரோ ஒருத்தர் அந்த பெட்டிய தூக்கி போடாம வச்சிருந்திருக்காங்க.

ப்ளேட் ரன்னரும் அதே கதைதான். 1982-ல வந்தப்ப ஓடல. கதை நடக்கறது 2019 நவம்பர்ல, அந்த தேதியும் நம்மள தாண்டி போயிடுச்சி. எத்தினி வெர்ஷன், 1992-ல ஒண்ணு, 2007-ல ஃபைனல் கட்னு ஒண்ணு. 92 வெர்ஷன்ல ஹீரோ பேசற பின்னணி குரல எடுத்துட்டாங்க, அப்பதான் படம் மூச்சு விட்டுச்சு. மழைல நின்னுக்கினு பேப்பர் படிச்சிட்டு நூடுல்ஸ் கடைல சீட்டு கெடைக்க வெயிட் பண்றான் பாருங்க ஹீரோ, அதான் அண்ணே நீங்க சொன்ன மறுநாள்.

பண்ருட்டி_பலாக்காடு

தானேன்னு பேர பாத்ததும் உள்ள வந்துட்டேன். எங்களுக்கு முந்திரியும் பலாவும் அன்னிக்கு ஒரே ராத்திரில போச்சு, எங்க தாத்தா வச்ச மரம் எல்லாம் வேரோட மல்லாந்து கெடந்துது. முந்திரி திரும்ப காய்க்க வருஷக்கணக்கா ஆகும், பலாவ கேக்கவே வேணாம். எங்கப்பா ஒரு வாரம் தோப்பு பக்கமே போகல.

என் படம் மேட் மேக்ஸ் ஃப்யூரி ரோடு, 2015. எல்லாரும் அதுல வண்டிய பத்தி பேசுவாங்க, 6 ஆஸ்கார் வாங்குச்சு, நமீபியா பாலைவனத்துல எடுத்தாங்கன்னு சொல்லுவாங்க. எடுத்த ஜார்ஜ் மில்லர் முன்னாடி டாக்டரா இருந்தவர், எமர்ஜென்சில அடிபட்டு வரவங்கள பாத்து பாத்துதான் 1979-ல முதல் மேட் மேக்ஸ் எடுத்தார். எனக்கு அந்த படத்துல ரெண்டு விஷயம்தான். ஒண்ணு அங்க இருக்கற தலைவன் மேல இருந்து தண்ணிய கொஞ்ச நேரம் தொறந்துட்டு மூடறான், கீழ ஜனம் சட்டி பானையோட அடிச்சிக்குது. ரெண்டாவது ஒரு கெழவி பை நெறைய வெத வச்சிருக்கும். போற எடமெல்லாம் நட்டு பாக்குமாம், ஒண்ணும் முளைக்கலயாம், ஆனாலும் வச்சிருக்கும். சண்டைல அந்த கெழவி செத்து போகும், பை வேற ஒரு பொண்ணு கைக்கு போயிடும். இவ்ளோ சத்தமான படத்துல இந்த ஒரு எடம் எவ்ளோ அமைதி பாருங்க.

எங்கப்பா அப்பறம் திரும்ப நட்டார். 60 வயசுல பலா கன்னு நடறவர என்னன்னு சொல்றது. அதனால எனக்கு இந்த கெழவிய பாத்தா வேற மாதிரி ஆயிடும்.

தேவனாம்பட்டினம்_83

எல்லாரும் எழுதனத படிச்சேன். ஒரு கேள்வி இருக்கு, கோவமா கேக்கல, நிஜமா தெரிஞ்சிக்கணும்.

2004 சுனாமில எங்க ஊரு என்ன ஆச்சுன்னு கடலூர்காரங்களுக்கு சொல்ல வேண்டியதில்ல. எனக்கு அப்ப 21 வயசு. தார் சீட்டு போட்ட ஷெட்டுல எத்தன மாசம் இருந்தோம், மத்தியானம் உள்ள உக்கார முடியாது அவ்ளோ சூடு. சாப்பாட்டுக்கு க்யூ, தண்ணிக்கு க்யூ, கணக்கெடுக்க வரவங்களுக்கு க்யூ. பேரு சொல்லு, அட்டை காட்டு, கையெழுத்து போடு. செத்தவங்க பேர திரும்ப திரும்ப சொல்லணும்.

இது எல்லாம் உங்க படத்துல வருது, இல்லயா? நடந்தா எங்களுக்கு வாழ்க்கை, அதயே லண்டன்ல நடக்கற மாதிரி எடுத்தா டிஸ்டோபியா. அத பாப்கார்ன் வச்சிக்கிட்டு பாக்க எப்படி முடியுது? நான் பாக்க முயற்சி பண்ணியிருக்கேன், அலை வர படம் ஒண்ண பாதில எழுந்து வந்துட்டேன்.

மஞ்சக்குப்பம்_டீச்சர்

தம்பி, நீங்க கேட்டது நியாயம். இந்த படங்கள்ல பாதி அப்படித்தான், ஏழை நாட்டுல தெனம் நடக்கறத எடுத்து பணக்கார நாட்டுல நடந்தா எப்படி இருக்கும்னு காட்றாங்க, அவங்களுக்கு அது புதுசா பயமா இருக்கு. சில்ட்ரன் ஆஃப் மென்ல அகதிங்கள கூண்டுல அடைச்சி வச்சிருக்கறத குவாரோன் கற்பனையா எடுக்கல, நியூஸ்ல பாத்த படங்கள வச்சிதான் எடுத்தார், அத அவர் மறைக்கவும் இல்ல.

ஆனா நான் எதுக்கு பாக்கறேன்னு சொல்றேன். நான் பிளஸ் டூ பசங்களுக்கு பாடம் எடுக்கறேன். 1997-ல வந்த கட்டாகாங்கற படம், ஆண்ட்ரூ நிக்கோல். கொழந்தை பொறக்கும்போதே ஒரு சொட்டு ரத்தம் எடுத்து இவனுக்கு இதயம் சரியில்ல, 30 வயசு தாண்டாதுன்னு எழுதி குடுத்துடறாங்க, அதுக்கப்பறம் அவன் எங்க வேலைக்கு போனாலும் ரத்தம்தான் இன்டர்வியூ. அவன் இன்னொருத்தன் ரத்தத்த காட்டி ஏமாத்தி ராக்கெட்டுல போற வேலைக்கு வந்துடறான். கடைசி நாள் திடீர்னு டெஸ்ட் வச்சிடறாங்க, அவன் கிட்ட அன்னிக்கு ஒளிச்சி வச்சது எதுவும் இல்ல, மாட்டிக்கிட்டான். டெஸ்ட் எடுக்கற டாக்டர் மிஷின்ல அவன் நிஜ பேர் வரத பாக்கறார். பாத்துட்டு தன் பையன பத்தி பேசறார், அந்த பையனும் இவங்க எதிர்பாத்த மாதிரி பொறக்கலயாம், ஆனா அவனுக்கு உன்ன ரொம்ப புடிக்கும்னு சொல்லிட்டு பட்டன அமுக்கி உள்ள விட்டுடறார். அவருக்கு மொதல்லேந்தே தெரியும். இத்தன வருஷமா தெரிஞ்சும் சும்மா இருந்திருக்கார்.

மார்க் ஷீட்ட நீட்டிட்டு தலைய குனிஞ்சி நிக்கற பையன பாக்கும்போதெல்லாம் எனக்கு அந்த டாக்டர் ஞாபகம் வருவார். ஓடி அண்ணன் சொன்னது டூட்டிக்கு போறவன பத்தி. எனக்கு, டூட்டில இருக்கற ஒருத்தன் ஒரு நிமிஷம் சட்டத்த விட்டுட்டு மனுஷனா இருக்கான் பாருங்க, அதுக்குதான் இந்த படங்க.

புஸ்ஸி_வீதி

டீச்சர் சொன்னது அழகா இருக்கு ஆனா எல்லா படத்துக்கும் அது பொருந்தாது. 1985-ல டெர்ரி கில்லியம் எடுத்த ப்ரேஸில் பாருங்க. ஒரு பூச்சி டைப் அடிக்கற மிஷின்ல விழுந்து டட்டில்ங்கற பேரு பட்டில்னு மாறிடுது, அவ்ளோதான், வேற ஒரு குடும்பஸ்தன கிறிஸ்மஸ் அன்னிக்கு வீட்டு கூரைய அறுத்து எறங்கி தூக்கிட்டு போயிடறாங்க. பொண்டாட்டி கையெழுத்து போட்டுட்டு ரசீது வாங்கிக்கணும், புருஷன எடுத்துட்டு போனதுக்கு ரசீது. அப்பறம் தப்பு நடந்துடுச்சுன்னு தெரிஞ்சி பணத்த திருப்பி குடுக்க செக் எடுத்துட்டு ஹீரோ போறான், அந்த அம்மா அவர் உடம்ப என்ன பண்ணீங்கன்னு கேக்குது. அந்த படத்துல யாரும் யாரையும் விடல. அதுவும் 40 வருஷமா நிக்குது. தேவனாம்பட்டினம் அண்ணன் க்யூ, அட்டை, கையெழுத்துன்னு சொன்னத படிச்சப்ப எனக்கு இதுதான் வந்துச்சு.

நான் பாண்டில ஃப்ரெஞ்ச் படிச்சப்ப கிளாஸ்ல லா ழெத்தே போட்டாங்க. க்ரிஸ் மார்க்கர், 1962, 28 நிமிஷம்தான். பூரா ஸ்டில் போட்டோ, ஒண்ணு மாத்தி ஒண்ணு வரும், மேல ஒரு குரல். மூணாவது உலகப்போர் முடிஞ்சி பாரிஸ் அழிஞ்சி மிச்சம் இருக்கறவங்க பூமிக்கு அடில இருக்காங்க. ஒருத்தன சோதனைக்கு புடிச்சி காலத்துல பின்னாடி அனுப்பறாங்க, ஏன் அவன்னா அவன் மனசுல சின்ன வயசுல ஏர்போர்ட்ல பாத்த ஒரு பொண்ணு முகம் அழியாம இருக்கு. படம் முழுக்க அசையாத போட்டோவா போயி ஒரே ஒரு எடத்துல தூங்கிட்டு இருக்கற அந்த பொண்ணு கண்ண தொறந்து இமைக்கும். ஒரு செகண்டு. கிளாஸ்ல எல்லாரும் மூச்சு இழுத்த சத்தம் இன்னும் காதுல இருக்கு. இதத்தான் பின்னாடி 1995-ல அதே கில்லியம் 12 மங்கீஸா பெருசா எடுத்தார்.

செட்டே போடாம எதிர்காலத்த எடுத்தவரும் இருக்கார், கோதார், 1965-ல ஆல்ஃபவில். அன்னிக்கு இருந்த பாரிஸ் கட்டடங்கள ராத்திரில ஷூட் பண்ணி வேற கிரகம்னு சொல்லிட்டார், நம்பிட்டோம். த்ரூஃபோ 1966-ல ஃபாரன்ஹைட் 451 எடுத்தப்ப புக்கு தடை பண்ண ஊருங்கறதால டைட்டில்ல எழுத்தே போடாம பேர எல்லாம் வாயால சொல்ல வச்சார். ஒவ்வொருத்தர் ஒரு புக்க மனப்பாடம் பண்ணிக்கிட்டு பனில நடந்துக்கிட்டே சொல்லிட்டு இருப்பாங்க கடைசில. 2024 ஃபெஞ்சல் புயல்ல ஒரே நாள்ல 48 செ.மீ.க்கு மேல மழை கொட்டி எங்க வீட்டுல தண்ணி பூந்து அப்பாவோட புக்கு பீரோ கீழ் ரெண்டு தட்டு போச்சு. அதுல எது எது இருந்துச்சுன்னு அவர் வரிசையா சொல்லிட்டே இருந்தார் ரெண்டு நாள். அந்த சீன் எனக்கு அப்பதான் புரிஞ்சுது.

வில்லியனூர்_ஏரிக்கரை

நான் காலேஜ் படிக்கறேன், இப்பதான் இந்த மாதிரி படம் பாக்க ஆரம்பிச்சிருக்கேன். எதுல ஆரம்பிக்கலாம்? தமிழ்ல ஏன் யாரும் எடுக்கறதில்ல?

முத்தியால்பேட்டை_ரீல்பொட்டி

வால்-ஈல ஆரம்பிம்மா, 2008, பிக்சர். மொதல் அர மணி நேரத்துக்கு மேல பேச்சே இருக்காது, குப்பை மேட்டுல தனியா ஒரு மிஷின் தெனம் காலைல எழுந்து வேலைக்கு போவும், ஓடி அண்ணனுக்குன்னே எடுத்த மாதிரி. ஒரு பழைய ஷூவுல ஒரு செடி வச்சிருக்கும்.

தமிழ்ல எழுத்துல இருக்கு. சுஜாதா 80-கள்லயே என் இனிய இயந்திரா எழுதிட்டார், ஜீவான்னு ஒரு சர்வாதிகாரி, நிலான்னு ஒரு பொண்ணு, ஜீனோன்னு ரோபோ நாய், தூர்தர்ஷன்ல சீரியலா கூட வந்துச்சி. எங்க தெருவே உக்காந்து பாத்துச்சி. இங்கிலீஷ்ல கோவிந்த் நிஹலானி 2001-ல தேஹம்னு எடுத்தார், மும்பைல ஒரு ஏழை குடும்பம் உறுப்ப வெளிநாட்டுக்காரனுக்கு எழுதி குடுத்துடும், மஞ்சுளா பத்மநாபனோட ஹார்வெஸ்ட் நாடகம் அது. அத பாருங்க, தேவனாம்பட்டினம் தம்பி கேட்ட கேள்விக்கு அதுல பதில் இருக்கு, இங்க நின்னுக்கினு எழுதுன கதை. தெலுங்குல 2024-ல வந்த கல்கில மேல பணக்காரங்க இருக்கற காம்ப்ளெக்ஸ், கீழ வறண்டு போன காசின்னு வச்சதெல்லாம் மெட்ரோபோலிஸ்லேந்து வர வழிதான், ஆனா அதுல சண்டைக்கு குடுத்த நேரத்த காசி ஜனங்களுக்கு குடுக்கலன்னு எனக்கு வருத்தம்.

ஓடி_துறைமுகம்

தேவனாம்பட்டினம் அண்ணனுக்கு உடனே பதில் எழுத முடியல, ரெண்டு நாளா அதேதான் மனசுல. பாப்கார்ன் விஷயம் நீங்க சொன்னது சரி. எனக்கும் பெரிய கட்டடம் சரியறத கைதட்டி பாக்கற படம் ஆகாது.

நான் சொல்ல வந்தத இன்னொரு படத்த வச்சி சொல்றேன். ஸ்டாக்கர், 1979, தார்க்கோவ்ஸ்கி. மூணு பேரு வேலி போட்டு தடுத்த ஒரு எடத்துக்குள்ள போறாங்க, ஆள் இல்லாம புல்லு மொளச்ச எடம், தண்ணிக்கு அடில ஊசி, காசு, துப்பாக்கின்னு கெடக்கும். எஸ்டோனியால தல்லின் பக்கம் எடுத்தாங்க. ஆத்துக்கு மேல ஒரு கெமிக்கல் ஃபேக்டரி இருந்துச்சாம், ஆத்துல நுரை மெதந்து வந்துச்சாம். படத்துல வேலை செஞ்ச ஒலிப்பதிவுக்காரர் பின்னாடி சொன்னார், தார்க்கோவ்ஸ்கியும், அவர் மனைவியும், அதுல நடிச்ச சோலோனிட்சினும் கேன்சர்ல போனதுக்கு அந்த தண்ணிதான் காரணம்னு. நிரூபிச்சாங்களான்னு கேட்டா இல்ல. தார்க்கோவ்ஸ்கி 1986-ல செத்தார். படத்துல பஞ்சு மாதிரி வெள்ளையா காத்துல பறக்கும் பாருங்க, அழகா இருக்கும்.

நாங்க கடலூர்ல சின்ன வயசுலேந்து ராத்திரி காத்து திரும்புனா மூக்க பொத்திட்டு தூங்குனவங்க. ஒரு நாள் அழுகுன பழம், ஒரு நாள் நெய்ல் பாலிஷ், ஒரு நாள் என்னன்னே சொல்ல தெரியாது. வெளியூர்லேந்து வந்த சொந்தக்காரங்க எப்படி இங்க இருக்கீங்கன்னு கேப்பாங்க, எங்களுக்கு அப்படி ஒண்ணு இருக்கறதே தோணாது. ஸ்டாக்கர் பாத்த அன்னிக்குதான் எனக்கு எங்க ஊர் வாசனை வந்துச்சு. படத்துல வாசனை ஏது, ஆனா வந்துச்சு. பழகி போயிட்டத திரும்ப தெரிய வைக்குது இந்த படங்க, அதான் அண்ணே நான் பாக்கறதுக்கு காரணம். உங்களுக்கு அது தேவையில்ல, உங்களுக்கு எதுவும் பழகி போகல.

மஞ்சக்குப்பம்_டீச்சர்

ஒரு படம் விட்டு போச்சு. சாய்லன்ட் க்ரீன், 1973, கதை நடக்கறது 2022-ல, நிஜ சாப்பாடே கெடைக்காத உலகம். கடைசி ரகசியம் எல்லாருக்கும் தெரியும், அத விடுங்க. ஒரு வயசானவரும் போலீஸ்காரனும் எங்கேயோ கெடச்ச நிஜ காய், ஒரு துண்டு மாட்டுக்கறி, ரெண்டு ஆப்பிள் வச்சி சமைச்சி சாப்பிடுவாங்க, கதைல ஒரு பாட்டில் ஸ்ட்ராபெரி ஜாமே 150 டாலர். பேச்சே இருக்காது, போலீஸ்காரன் ஆப்பிள எப்படி சாப்பிடறதுன்னு தெரியாம பெரியவர பாத்து பாத்து சாப்பிடுவான். பெரியவரா நடிச்ச எட்வர்ட் ஜி. ராபின்சனுக்கு அதான் கடைசி படம், ரிலீஸ் ஆகறதுக்கு முன்னாடியே தவறிட்டார். இத பாத்துட்டு நான் அடுத்த நாள் உழவர் சந்தைல கத்திரிக்காய கையில வச்சிக்கிட்டு கொஞ்ச நேரம் நின்னேன்.

தேவனாம்பட்டினம்_83

ஒரு வாரம் ஆச்சு. நேத்து ராத்திரி சில்ட்ரன் ஆஃப் மென் பாத்தேன். பாதில எழுந்து வரல.

கொழந்தை அழற சத்தம் கேட்டு சோல்ஜர்ங்க சுடறத நிறுத்தறாங்க இல்ல, அந்த எடத்த பத்தி யாராவது எழுதியிருப்பீங்கன்னு பாத்தேன், யாரும் எழுதல. வழி விடறாங்க, ஒருத்தன் சிலுவை போட்டுக்கறான், கொழந்தைய தாண்டி போன உடனே திரும்ப சுட ஆரம்பிச்சிடறாங்க. அது நிஜம். அப்படித்தான் இருக்கும். டீச்சர் சொன்ன அந்த ஒரு நிமிஷம் இருக்கு, புஸ்ஸி வீதி சொன்னதும் இருக்கு, ரெண்டும் ஒரே எடத்துல இருக்கு.

ஆனா எனக்கு தூக்கம் வராம பண்ணது செருப்பு. ஹீரோ ஓடி வரப்ப ஷூ இல்லாம வந்துடறான், அப்பறம் ஒரு ஹவாய் செருப்ப போட்டுக்கிட்டே ரொம்ப தூரம் நடக்கறான், அத போட்டுக்கிட்டு ஓட முடியாம ஓடறான். எங்களுக்கு அப்ப லாரில பழைய துணி வந்துச்சு, ரோட்டோரமா கொட்டிட்டு போவாங்க, செருப்பும் வரும், ஜோடி இருக்காது. நான் எடது கால்ல நீலம், வலது கால்ல பச்சை, ரெண்டும் வேற வேற சைஸ், அத போட்டுக்கிட்டுதான் ஆஸ்பத்திரிக்கும் ஷெட்டுக்கும் நடந்தேன், எங்க தங்கச்சிய தேடி நடந்ததும் அதுலதான். இத நான் யார் கிட்டயும் சொன்னதில்ல, சொல்ற அளவுக்கு பெரிய விஷயம்னும் தோணினதில்ல. அந்த ஆளு, வெள்ளக்காரன், எங்கயோ எடுத்த படம், அவனுக்கு எப்படி தெரிஞ்சுது?

எங்கம்மாவுக்கு காட்டணும்னு இருக்கு. தமிழ் சப்டைட்டில் யார் கிட்டயாவது இருக்கா?

ஓடி_துறைமுகம்

அண்ணே என் கிட்ட இல்ல. அம்மாவுக்கு படிக்க வருமா? இல்லன்னா நான் இந்த ஞாயித்துக்கிழமை டே ஷிஃப்ட் இல்லாம வச்சிக்கறேன், பென்டிரைவோட வரேன், பக்கத்துல உக்காந்து சொல்லிட்டே வரேன்.

தேவனாம்பட்டினம்_83

படிக்க வராது. வாங்க. சாயங்காலம் வாங்க, மீன் வாங்கி வைக்கறேன்.